கொடுங்கை இல்லாத சுவர்: பெங்களூரின் கல் கட்டடங்களும் பர்கூர் பக்கத்துப் படிப்பகமும்

பர்கூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் 2014ஆம் ஆண்டு கட்டி முடித்த படிப்பகத்தின் கிழக்குச் சுவர், அடுத்த ஆண்டு நவம்பர் மழையில் உள்பக்கம் ஈரம் காட்டியது. சன்னலின் மேல்சட்டமான லிண்டலுக்கு மேலே தொடங்கி கூரை வரையில் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஆங்காங்கே கறுத்தது. மூன்றாம் நாள் அந்தக் கறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரை ஒட்டி நின்ற அலமாரியின் மேல்தட்டுப் புத்தகங்களை ஊறவைத்தன. கட்டடத்துக்கு வரைபடம் போட்டவனும், வேலையை மேற்பார்த்தவனும் நான்தான். கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட வேலை செய்துவரும் பொறியாளன் என்ற முறையில், கசிவுக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, உள்பக்கம் பூச்சு ஏற்றி, வெள்ளையடித்து அந்த விவகாரத்தை முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவர் பெங்களூரில் நான் பார்த்த ஒரு கட்டடத்தின் மீது வைத்த பெருமதிப்பில் எழும்பிய சுவர். ஆகவே கசிவின் காரணத்தைத் தேடப் புகுந்தபோது, அந்த நகரத்தின் கல் கட்டடங்களை 20ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர்கள் கல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்ற தேடலும் கூடவே வந்து சேர்ந்தது.

கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது பாணியைப் பற்றிப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. இது ஐரோப்பியப் பாணி, இது திராவிடப் பாணி, இது நவீனம் என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கல்லில் கட்டிய ஒருவரை அளக்க வேண்டுமானால், பாரத்தை எந்தக் கல்லின் மீது இறக்கினார், மழைத்தண்ணீரை எந்த வழியாக இறங்கச் சொன்னார் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு நான் வந்த வழி இது.

கல்லும் கையும்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். எங்கள் மாவட்டத்திலும் தருமபுரி மாவட்டத்திலும் மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தோடு பஸ் ஏறி, அங்கே சித்தாளாகவும் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் வேலை செய்யாத ஊர் ஒன்றைக் காட்டுவது கடினம். இங்கே ஒருவர் “கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்” என்றால், எந்த ஊருக்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வேலையாட்களின் கைப்பழக்கத்தில் பாதி அந்த நகரத்தில் கற்றது. அந்த நகரத்தின் கல்வேலையில் ஒரு பங்கு இந்தப் பக்கத்துக் கைகள் செய்தது.

கற்பலகை என்பது இந்த நிலத்துக்குப் புதிதல்ல. சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் நிற்கும் பெருங்கற்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, ஒன்றில் வட்டமாக இடுதுளை போட்டு, மேலே ஒரே மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களும் அதே பலகைதான். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்காகச் செதுக்கப்பட்டவை. இன்றைக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டத்து வேலியாகவும், மாட்டுக் கொட்டகைச் சுவராகவும், திராட்சைப் பந்தலுக்குக் காலாகவும் நிற்பது அதே கல்தான். ஒரு சாண் கனம்கூட இல்லாமல், ஆள் உயரத்துக்கு மேல் நீண்டிருக்கும் அந்தப் பலகைகளைப் பாறையிலிருந்து எப்படிப் பிரித்தார்கள் என்பது, வெளியூர்ப் பொறியாளர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி.

நெருப்பு வைத்துப் பிரித்தார்கள். பெங்களூரைச் சுற்றி இந்த முறை வழக்கத்தில் இருந்ததை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலவியல் அறிஞர்கள் வியப்போடு எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதை விளக்கியவர், படிப்பக வேலையில் எங்களோடு இருந்த ஒரு முதிய கல்தொழிலாளி, போயர் சமூகத்தவர், தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். வெடிப்பு இல்லாத தட்டையான பாறையாகப் பார்த்து, அதன் மேல் விறகை ஒரு கோடாக அடுக்கிச் சிறு தீயாக எரிக்க வேண்டும். மேல்தோல் சூடேறி விரிய, அடியிலுள்ள பாறை குளிர்ந்தே இருக்க, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு படுக்கை வாட்டில் ஓடத் தொடங்கும். தீயை எப்போது நகர்த்துவது என்பதைக் காதுதான் சொல்லும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்கள். தோல் பிரியாத இடத்தில் ‘ணங்’ என்று கேட்கும். பிரிந்த இடத்தில் ஒலி மழுங்கி ‘டொப்’ என்று விழும். ஒலி மாறியதும் தீயை ஓர் அடி முன்னால் தள்ளுவார்கள். இப்படி ஒரு முற்றத்து அகலத்துக்குப் பாறையின் தோலை உரித்துவிட்டு, பிறகு உளியால் வரிசையாகக் குழி போட்டு, சம்மட்டியால் அடித்துத் தேவையான அளவுக்குப் பலகைகளாகப் பிரிப்பார்கள். பெரியவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனார் இதைச் செய்தாராம். இன்று வைரக்கம்பி அறுக்கிறது, இயந்திரம் பளபளப்பாக்குகிறது, ‘பாரடைசோ’ போன்ற பெயர்களில் எங்கள் மாவட்டத்துப் பாறை கப்பலேறிப் போகிறது. ஒலியைக் கேட்டுக் கல்லை அறியும் காதுகள் குறைந்துவிட்டன. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நகரத்தின் கட்டடங்கள்

20ஆம் நூற்றாண்டுப் பெங்களூரின் கல் கட்டடங்களில் முதலில் நிற்பது இந்திய அறிவியல் கழகத்தின் முதன்மைக் கட்டடம். மைசூர் அரசு கொடுத்த 371 ஏக்கரில், 1911இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் பம்பாயைச் சேர்ந்த சி.எஃப். ஸ்டீவன்ஸ், பம்பாயின் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தை வடிவமைத்த எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸின் மகன். ஐரோப்பிய உருவத்தைச் சாம்பல் நிறக் கருங்கல்லில் கொண்டுவந்த கட்டடம் அது. கல் நேர்த்தியாகக் கொத்தப்பட்டிருக்கிறது. கோபுரம் கம்பீரமாக நிற்கிறது. ஆயினும் உருவம் வேறெங்கோ முடிவாகி, கல் அதற்குக் கீழ்ப்படிந்தது போலவே எனக்குத் தோன்றும்.

அதே வளாகத்தில் முப்பது ஆண்டுகள் கழித்து வேலை செய்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் முற்றிலும் வேறு வகை மனிதர். 1908இல் பெர்லினில் பிறந்த யூதர். நாஜி ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, எகிப்து வழியாக வந்து, 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். வானூர்திப் பொறியியல் துறைக்கும், மாணவர் உணவுக்கூடத்துக்கும், அரங்குக்கும் அவர் போட்ட வரைபடங்களில் கல்லுக்கு முதலிடம் இல்லை. காற்றுக்கும் வெயிலுக்கும்தான் முதலிடம். சூரியன் எந்த மாதம் எந்தச் சுவரில் விழும், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று கணக்குப் போட்டே அறையின் முகத்தைத் திருப்பினார். பின்னாளில் புவனேசுவரம் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1948 முதல் மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தார். பிறகு லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக் கலையையே ஒரு பாடமாக நிறுவினார். நான் எடுத்துக்கொண்டது கல்லைப் பற்றிய ஆய்வு என்பதால் அவரை இங்கே விரிவாகப் பேச இடமில்லை. ஆனால், இயற்கை எதைச் செய்யப்போகிறது என்பதை முதலில் கேள், உருவத்தைப் பிறகு வரை என்ற ஒழுங்கை அந்த நகரத்தில் ஊன்றியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த ஒழுங்கை நான் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

கர்நாடகச் சட்டமன்றம் இயங்கும் விதான சௌதாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். 1951 ஜூலை 13 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டியபோது கே.சி. ரெட்டி முதலமைச்சர், அப்போது எண்ணியிருந்தது எளிமையான ஒரு கட்டடம். 1952இல் கெங்கல் அனுமந்தய்யா முதலமைச்சர் பொறுப்புக்கு வந்ததும் திட்டம் அடியோடு மாறியது. ஊரைச் சுற்றிப் பார்த்த ரஷ்யக் குழுவினர் “எல்லாம் ஐரோப்பியக் கட்டடங்களாக இருக்கின்றனவே, உங்களுக்கென்று கட்டடக் கலை இல்லையா” என்று கேட்டதாகவும், அந்தக் கேள்வி அவரைத் தைத்ததாகவும் சொல்வார்கள். எதிரே 1868 முதல் செந்நிறத்தில் நின்றுகொண்டிருந்த உயர் நீதிமன்றக் கட்டடமான அட்டாரா கச்சேரி அவருக்கு அந்தக் கேள்வியைத் தினமும் நினைவுபடுத்தியிருக்கும். பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் பி.ஆர். மாணிக்கம் அந்த ஆசைக்கு உருவம் கொடுத்தார். 700 அடி நீளம், 350 அடி அகலம். கிழக்கு வாசலில் 40 அடி உயரத்தில் 12 கருங்கல் தூண்கள். 200 அடிக்கு மேல் அகலமான 45 படிகள். நடுவே 60 அடி விட்டத்தில் குவிமாடம், அதன் உச்சியில் நான்முகச் சிங்கம். 1956இல் முடிந்தபோது செலவு ஏறத்தாழ 1.75 கோடி ரூபாய். அந்தச் செலவே அனுமந்தய்யாவின் அரசியலுக்குப் பாரமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி இழந்தார்.

அந்தக் கல் மல்லசந்திரா, ஹெசரகட்டா ஆகிய பெங்களூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அலங்காரத்துக்கு மாகடியின் இளஞ்சிவப்பையும் துருவேகெரேயின் பச்சையையும் சேர்த்தார்கள். ஆகவே எங்கள் மாவட்டத்துக் கல் அங்கே இருக்கிறது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். கட்டடம் முடிந்ததும் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. கல் சிற்பிகளும் கொத்தனார்களும் மரச் சிற்பிகளுமாக மேலும் 1,500 பேர். இந்த எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம், 40 அடித் தூண் ஒன்றை நிமிர்த்திய நாளில் கயிற்றைப் பிடித்திருந்த கை எந்தக் குற்றத்துக்காகச் சிறை சென்றிருக்கும், வெளியே வந்த பிறகு அந்தப் படிகளில் ஏற அவரை யாராவது அனுமதித்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் எங்கள் ஊரில் தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழும்பி 1957இல் திறக்கப்பட்டது. அணையைப் பற்றி யாரும் பாணி பேசுவதில்லை. தண்ணீரை எப்படி நிறுத்தியது, எப்படி விட்டது என்றே பேசுகிறார்கள்.

கல்லூரி நாட்களில் எங்களுக்கு விதான சௌதாவை மதிக்கக் கற்றுத்தரவில்லை. பழைய கோயில் உறுப்புகளைப் பெரிதாக்கி அரசு அலுவலகத்தின் மேல் ஒட்டியது என்றும், ஒரு முதலமைச்சரின் பெருமிதம் என்றும் ஒரு ஆசிரியர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதன் கூரை விளிம்புகளில் வெளியே நீட்டி வளைந்து நிற்கும் கொடுங்கைகளை அலங்காரம் என்ற கணக்கில்தான் எழுதிவைத்திருந்தேன். இந்தத் தீர்ப்பை நான் திரும்பப் பெற நேர்ந்தது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குக் கல் மீது காதல் உண்டாக்கியது பன்னேர்கட்டா சாலையில் உள்ள இந்திய மேலாண்மைக் கழக வளாகம். பாலகிருஷ்ண தோஷி 1977இல் அதன் வடிவமைப்பைத் தொடங்கினார். பாரிசில் லெ கார்பூசியரிடம் வேலை செய்தவர். அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை லூயி கான் கட்டியபோது உடனிருந்தவர். கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2018இல் பெற்ற முதல் இந்தியர். 2023 ஜனவரியில் காலமானார். ஏறத்தாழ 100 ஏக்கர் வளாகத்தில் அவர் தனித்தனிக் கட்டடங்களை வைக்காமல், நடைவழிகளையே நீட்டி வளாகமாக்கினார். பதேப்பூர் சிக்ரியும் நம் கோயில் நகரங்களும் அவருக்கு முன்மாதிரி. நடைவழியின் மேல் சில இடங்களில் முழுக்கூரை, சில இடங்களில் காங்கிரீட் சட்டங்கள் மட்டும், அவற்றின் வழியே வெயில் பட்டை பட்டையாக விழும், கொடிகள் இறங்கும். சுவர்கள் மெருகேற்றாத சாம்பல் நிறக் கருங்கல். உளி பட்ட தழும்பு அப்படியே தெரியும்.

2009இல் ஒரு பயிலரங்குக்காக அங்கே மூன்று நாட்கள் தங்கினேன். இரண்டாம் நாள் மாலை நல்ல மழை. மூன்று மாடி உயர நடைவழியில் நின்று, சுவரில் தண்ணீர் வழிந்து ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாகக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வேலிக் கல்லை, எங்கள் ஊர் மாட்டுக் கொட்டகைச் சுவரை, நாட்டின் தலைசிறந்த கல்விக்கூடம் ஒன்றின் சுவராக அந்த மனிதர் மதித்து நிறுத்தியிருக்கிறார் என்ற எண்ணத்தில் தொண்டை அடைத்தது. பூச்சு இல்லாத கல்சுவரில் ஒரு பொதுக் கட்டடம், அதுவும் எங்கள் பக்கத்தில், கட்டியே தீர்வது என்று அன்று முடிவு செய்தேன். அந்த மழையில் நான் நனையவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

படிப்பகம்

வாய்ப்பு நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடுத்த நான்கு சென்ட் நிலம். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்த்த பணம். 30 அடிக்கு 18 அடியில் ஒரே கூடம். ஒன்றரை அடிக் கனத்தில் கருங்கல் கட்டு, வெளிப்பக்கம் பூச்சு இல்லை. மேலே காங்கிரீட் கூரை, அதைச் சுற்றி இரண்டரை அடிக் கைப்பிடிச் சுவர். கூரை எந்தப் பக்கமும் வெளியே நீட்டவில்லை. சுவரோடு சுவராக வெட்டிவிட்டது போல நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கல்லில் குடைந்த பெட்டி போல இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். சன்னல்களுக்குச் சன்ஷேடு வைப்போம் என்று மேஸ்திரி இரண்டு முறை கேட்டார், நான் மறுத்துவிட்டேன். திறப்பு விழாவன்று எல்லோரும் பாராட்டினார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

பிறகு 2015 நவம்பர் வந்தது. வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் பெரும்பாலும் கிழக்குச் சுவரைத்தான் அறையும்.

கசிவைப் பார்த்ததும் என் முதல் சந்தேகம் கூரை மீது விழுந்தது. தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கூரை சரியாக இருந்தது. அடுத்து வேலையாட்கள் மீது சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்தைச் சத்தமாகவும் சொன்னேன், அது தவறு. சுவரில் இரண்டு இடங்களில் கல்லைக் கழற்றிப் பார்த்தபோது கிடைத்த விடை எனக்கே திரும்பியது.

கருங்கல் கட்டு என்பது உண்மையில் இரண்டு சுவர்கள். வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, நடுவே சிறுகல்லும் கலவையும். இரண்டு முகங்களும் பிரிந்துவிடாமல் இருக்க, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல் அரை சதுர மீட்டர் பரப்புக்கு ஒன்றாவது வேண்டும் என்பது விதி. அதைச் சரியாகவே வைத்திருந்தார்கள். நடுப்பகுதியில் அங்கங்கே கலவை முழுதாக இறங்காமல் பொந்து இருந்தது. ஆனால் அது எந்தக் கல்சுவரிலும் ஓரளவு இருக்கும். தண்ணீர் அங்கே வரை வந்ததுதான் கேள்வி.

செங்கல் சுவரில் பழகிய மூளைக்குப் பிடிபடாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. நல்ல செங்கல்கூட 24 மணி நேரம் நீரில் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று தர விதி இடம் கொடுக்கிறது. மழை பெய்யும்போது செங்கல் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. வெயில் அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கருங்கல் அரை சதவீதம்கூடக் குடிப்பதில்லை. எனவே சுவரில் விழுந்த மழை முழுவதும் முகத்திலேயே ஓடுகிறது. ஓடும் தண்ணீர் முழுவதும் இணைப்புகளைத் தேடிப் போகிறது. என் கட்டடத்தில் கைப்பிடிச் சுவரின் உச்சியில் விழுந்த தண்ணீரும் தடையில்லாமல் அதே முகத்தில் இறங்கியது. இணைப்புகளை நாங்கள் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் பாயின்டிங் செய்திருந்தோம், அதாவது வெளியிலிருந்து பூசி அடைத்திருந்தோம். கலவையில் சிமென்ட் அதிகமானால் காயும்போது அதிகம் சுருங்கும். கருங்கல்லின் வழுக்கும் முகத்தோடு அது முழுவதும் ஒட்டாமல், கல்லுக்கும் கலவைக்கும் நடுவே முடி அளவு கோடு விட்டிருந்தது. பதினோரு அடி உயரச் சுவரில் முடி அளவு கோடுகள் எத்தனை நூறு இருந்திருக்கும்! தண்ணீர் அங்கே நுழைந்து, நடுப் பொந்தில் தேங்கி, உள்முகம் வழியே வெளியே வந்தது.

கழற்றிய கல்லின் அருகில் குந்தி உட்கார்ந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்த கல்தொழிலாளிப் பெரியவர் சொன்னார்: “கல்லு மேல குத்தமில்ல சார். தண்ணிக்கு எங்க போறதுன்னு சொல்லாம செவுத்த எழுப்பிட்டோம். கோயில்ல பாருங்க, கொடுங்க எதுக்கு நீட்டிக்கினு இருக்குது?” அவர் ‘எழுப்பிட்டோம்’ என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது பெருந்தன்மை. கொடுங்கை வேண்டாம் என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.

மறுபடி பார்த்தது

அந்த டிசம்பரில் நான் பெங்களூருக்குப் போனது இரண்டு கட்டடங்களைப் பார்க்க மட்டுமே. மேலாண்மைக் கழகத்தில் இம்முறை கல்லைப் பார்க்காமல் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தேன். தோஷியின் நடைவழி அழகுக்காக அகலமானது என்று எண்ணியிருந்தேன். மழையும் வெயிலும் அறைக்கு வந்து சேருமுன் வலுவிழக்கும் இடம் அது. சட்டங்களும் கொடிகளும் கூரைகளும் சேர்ந்து ஒவ்வொரு துளியின் வேகத்தையும் குறைக்கின்றன, நனைகிற சுவருக்குப் பக்கத்தில் காற்று ஓடுகிறது, நனைந்தது காய்கிறது. 2009இல் நான் நனையாமல் நின்று மழையை ரசித்தது அந்த ஏற்பாட்டின் பயன். நான் ஊருக்கு எடுத்துவந்தது அவருடைய சுவரின் தோலை மட்டும். அந்தத் தோலைக் காத்து நின்ற வெளியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

விதான சௌதாவின் முன் நின்றபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மாணிக்கம் வைத்த கொடுங்கைகள் கோயிலைப் பார்த்து வைத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கோயில் தச்சன் அதை வைத்ததன் காரணத்தையும் சேர்த்தே அவர் கொண்டுவந்திருக்கிறார். கூரை விளிம்பில் வந்த தண்ணீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழுகிறது. கீழே உள்ள அலங்காரப் பட்டைகள் அடுத்தடுத்து அதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள கல் இத்தனை ஆண்டு மழைக்குப் பிறகும் பெரிதாகக் கறுக்கவில்லை. தோஷி பெரிய கலைஞர், மாணிக்கம் அரசாணைக்குப் படம் போட்டவர் என்று என் தலைமுறை பொறியாளர்களில் பலர் வைத்திருக்கும் தரவரிசையை இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கல்லுக்கும் மழைக்கும் உள்ள உறவை இருவருமே அறிந்திருந்தார்கள். ஒருவர் சுவரைச் சுற்றி வெளியை வைத்தார், மற்றவர் சுவரின் தலையில் குடை பிடித்தார். மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் சிலவற்றிலும் மூடுகல் பக்கக் கற்களைத் தாண்டித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

திருத்தம்

படிப்பகத்தைச் சுற்றி நடைவழி வைக்க நான்கு சென்ட்டில் இடமில்லை. எனவே மாணிக்கத்தின் வழிதான் எங்களுக்கு இருந்தது. முதலில் 2017 ஜனவரியில் கிழக்குச் சுவரின் இணைப்புகளை எல்லாம் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவையால் மறுபடி நிரப்பினோம். சுண்ணாம்பு சேர்ந்த கலவை மெதுவாக இறுகும், குறைவாகச் சுருங்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஏழு நாட்கள் காயாமல் பார்த்துக்கொண்டோம். இந்த வேலை மட்டுமே கசிவை ஓரளவு குறைத்திருக்கும்.

பிறகு கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரை இறக்கிவிட்டு, கூரை விளிம்பில் கற்பலகைகளை வைத்தோம். ஒவ்வொன்றும் நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், மூன்று அங்குலக் கனம். எடை சுமார் 150 கிலோ. இரண்டரை அடி உள்ளே, ஒன்றரை அடி வெளியே. உள்வால் மேல் கைப்பிடிச் சுவரை மறுபடி எழுப்பினால் அதன் பாரமே பலகையைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். வெளி விளிம்பை ஒட்டி அடிப்பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டச் சொன்னார் பெரியவர். விளிம்புக்கு வந்த துளி உடனே கீழே விழுந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது பலகையின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கித் திரும்பி ஊரும். காடியின் ஓரத்துக்கு வந்ததும் அதனால் தாண்ட முடியாது. அங்கே தொங்கி, கனத்து, உதிரும். குழாயில் தண்ணீர் விட்டு அதை எனக்குக் காட்டினார். அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

முப்பது அடிச் சுவருக்குப் பதினைந்து பலகை போதும். பதினேழு வந்திறங்கின. பெரியவர் ஒவ்வொன்றையும் இரண்டு கட்டைகள் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, சிறு சுத்தியலால் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு பலகைகளில் ஒரு மூலை மழுங்கலாகப் பேசியது. எனக்கு எந்த வேறுபாடும் கேட்கவில்லை. அவற்றை ஏற்றக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி எங்கள் மாவட்டத்துக்குள் வந்து நின்றபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கமும் விடாமல் பெய்தது. மழை சற்று ஓய்ந்ததும் படிப்பகத்துக்குப் போய்க் கிழக்குச் சுவரின் உள்முகத்தை லிண்டலுக்கு மேலே கை வைத்துத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, ஈரம் இல்லை. ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு பலகைகளும் வாசல் வேப்பமரத்தடியில் திண்ணையாகக் கிடக்கின்றன. மழை நாட்கள் தவிர மற்ற நாட்களில் பிள்ளைகள் அவற்றின் மேல்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள்.